மூணும் ரெண்டும் ஆறு

"மூணு புளியங்கொட்டை இருக்கு. இன்னும் ரெண்டு வைக்கிறேன். மூணும் ரெண்டும் சேந்தா எத்தனை?"

"ஆறு டீச்சர்."

சொன்னவள் பவித்ரா. தயங்கவில்லை, விரலை மடக்கவில்லை, பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை. பட்டென்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கொட்டைகளைக் கலைத்தேன். மறுபடி வைத்தேன்.

"நாலும் ஒண்ணும்?"

"ஆறு."

"ரெண்டும் ரெண்டும்?"

"அஞ்சு."

முன்வரிசையில் ரிஸ்வான் களுக்கென்று சிரித்தான். துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கணக்கில் சூரன் என்று அவனுக்கே ஒரு நினைப்பு உண்டு. பவித்ரா திரும்பி, "இன்னாடா?" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"சரி, தரையில இருக்கறத எண்ணு பாப்போம்."

எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விரலால் தொட்டுத் தொட்டு, ஒன்றைக்கூட விடாமல் சரியாக எண்ணினாள்.

"நாலு இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப ரெண்டும் ரெண்டும் எத்தனை?"

"அஞ்சு."

"எங்கடி இருக்கு அஞ்சாவது?"

அவள் தரையைப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்த கொட்டை டப்பாவைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ நான் செய்ய வேண்டியது பாக்கி இருப்பதுபோல் காத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மணி அடித்துவிட்டது.

அடுப்பு மேடையில் ஒரு மேசை

இதெல்லாம் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன வருஷத்துக்கு மறுவருஷமா, அதற்கும் அடுத்ததா என்று சரியாக நினைவில்லை. பவித்ராவின் முதுகில் அப்போதும் அந்த நீலப் பை இருந்தது. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ குப்பத்துப் பிள்ளைகளுக்கென்று அனுப்பிய பை. அவள் உயரத்துக்கு அது பாதி இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் பை தானாக நடந்து வருவதுபோல் இருக்கும்.

முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். யாரோ குடியிருந்த பழைய வீடு. கூடம்தான் ஒன்றாம் வகுப்பு, படுக்கையறை எல்கேஜி, சமையலறை யூகேஜி. யூகேஜி என்னுடையது. அடுப்பு மேடைதான் என் மேசை. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் சுவரின் கரி போகாது. சுவரில் சாய்கிற பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் முதுகில் கரியோடு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் திட்டு விழும். மறுநாள் அந்தத் திட்டு எனக்கு வந்து சேரும்.

யூகேஜி டீச்சர் என்றால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரு இளக்காரம். "உனக்கென்ன வனஜா, நாலு பாட்டு சொல்லிக் குடுத்துட்டு தூங்க வெச்சுட்டு வந்துடுவ" என்று என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துச் சொன்னாள். அவள் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். எனக்குச் சாம்பார் வாளியை அவள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதை ஐந்து வயசுப் பிள்ளைக்குப் புரிய வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். எண்ணுவது வேறு, கூட்டுவது வேறு. எண்ணுவதற்குக் கண்ணும் விரலும் போதும். கூட்டுவதற்குக் கண்ணில் படாத ஒன்றை நம்ப வேண்டும். ஒரு சமயம், "ஒரு ஆடு வருது, ஒரு நாய் வருது, சேர்ந்தா எத்தனை?" என்று கேட்டேன். கருவடிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு வாண்டு எழுந்து, "சண்டை டீச்சர்" என்றது. அந்தப் பதிலில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஆட்டோடு ஆட்டைத்தான் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளின் தப்பு பல ரகம். சிலது பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லும். சிலது கடைசியாகக் கேட்ட எண்ணையே திருப்பிச் சொல்லும். சிலது ஒன்றை இரண்டு தடவை எண்ணும். பவித்ராவின் தப்பு இதில் எதிலும் சேரவில்லை. எதைக் கேட்டாலும், எப்போது கேட்டாலும், சரியான விடைக்கு மேல் ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கண்ணில் ஏதாவது கோளாறோ என்று ஜன்னல் ஓரம் உட்கார வைத்துப் பார்த்தேன். கொட்டையை விட்டுவிட்டு வளையல், சாக்பீஸ், தண்ணீர் பாட்டில் மூடி என்று மாற்றிப் பார்த்தேன். எதை வைத்தாலும் மேலே ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

நாலு இருபதும் ஒரு பத்தும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் மதாமைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். மதாம் எங்கள் தலைமை ஆசிரியை. அவர் அப்பா எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்துக் குமாஸ்தா. மதாம் படித்ததெல்லாம் பிரெஞ்சில். கஞ்சி போட்ட காட்டன் புடவையும், இடுப்பில் மடித்துச் செருகிய கைக்குட்டையும், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலியுமாக வராந்தாவில் அவர் வருவது தெரிந்தால் எல்கேஜிப் பிள்ளைகள் மூக்கு உறிஞ்சுவதைக்கூட நிறுத்திவிடும்.

அவர் எதைக் கொடுத்தாலும் பிள்ளைகள் "மெர்சி மதாம்" சொல்ல வேண்டும். பரீட்சைத் தாளை வாங்கினாலும் மெர்சி, பிரம்பால் ஒன்று வாங்கினாலும் மெர்சி. அவர் வாயிலிருந்து யாருக்கும் அந்த வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. நன்றி என்பது கீழேயிருந்து மேலே போகிற சமாசாரம் என்று அவருக்கு எண்ணம்.

அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தமிழில் பேசுவார், தமிழில் திட்டுவார், கூட்டுவது மட்டும் பிரெஞ்சில். மாதக் கடைசியில் வருகைப் பதிவைக் கூட்டும்போது உதடு மட்டும் அசையும். "செத், உய்த், நெஃப், தீஸ்..." ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. சின்ன வயதில் எந்த மொழியில் கூட்டக் கற்றோமோ அந்த மொழியில்தான் சாகும்வரை கூட்டுவோம் போலிருக்கிறது.

பிரெஞ்சில் எண்பதுக்குத் தனியாகப் பெயர் கிடையாதாம், நாலு இருபது என்றுதான் சொல்ல வேண்டுமாம். தொண்ணூறுக்கு நாலு இருபதும் ஒரு பத்தும். "சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு கணக்கே போட்டுடலாம் போலிருக்கே மதாம்" என்றேன் ஒருநாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார். "அதனாலதான் வனஜா, கூட்டத் தெரியாதவ பிரெஞ்சு பேச முடியாது" என்றார்.

அந்த மதாம்தான் அரையாண்டுக்குப் பிறகு யூகேஜித் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பவித்ராவின் தாளைத் தனியே எடுத்து வைத்தார்.

வாசலில் இறக்கிய கூடை

பவித்ராவின் அம்மா மலர்க்கொடிக்கு வைத்திக்குப்பம். மீன் விற்கிறவர். மதாம் கூப்பிட்டனுப்பியதும் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கூடையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்து வீட்டுப் பூனையை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"உங்க பொண்ணுக்குக் கூட்டல் வரலை" என்றார் மதாம். "ஒண்ணு ரெண்டு தப்புன்னா பரவாயில்லை. அத்தனையும் தப்பு. இன்னொரு வருஷம் யூகேஜியிலேயே இருக்கட்டும்."

"வீட்ல நல்லாத்தான் எண்ணுது மதாம்."

"எண்ணுது. கூட்டத் தெரியலை."

மலர்க்கொடி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "இன்னொரு வருசம்லாம் ஆவாதும்மா" என்றார். "ஏறலன்னா ஏறலன்னு சொல்லிடுங்க. எங்கூட கூடைக்கே வந்துடட்டும். பெரியவளும் அப்பிடித்தான் நின்னுட்டா. இதாவது படிக்கும்னு பாத்தேன்."

கோபமோ அழுகையோ இல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னார். மீன் இல்லாத நாளில் மீன் இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது. அக்காக்காரியை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனால் நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. "மதாம், கொஞ்ச நாள் குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மதாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த வாரக் கடைசியில நானே கேக்கறேன். என் ரூம்ல, என் முன்னால. நீ வாயைத் திறக்கக் கூடாது."

லாபம், ரெண்டு, மூணு

அந்த ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் எனக்கு என் காது வலித்தது. நிஜமாகவே வலித்தது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் அப்பா விவசாயி. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு, நாலு... அப்படித்தான் போகும். முதல் வாய்ச்சொல் நல்லதாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். அதைக் கேட்டே நான் எண்ணக் கற்றுக்கொண்டேன். ஒன்று என்று ஒரு எண் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் எண்ணச் சொன்னார். நானும் நல்ல சத்தமாக, "லாபம், ரெண்டு, மூணு" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு வாத்தியார் காதைப் பிடித்துத் திருகினார். "மறுபடி சொல்லு." மறுபடி லாபம். மறுபடி திருகல். என்ன தப்பு என்று அவர் சொல்லவில்லை, எங்கே கற்றாய் என்று கேட்கவும் இல்லை. இன்றைக்கும் ஊரில் என்னோடு படித்தவர்கள் எதிரில் வந்தால், "என்ன லாபம், சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் விடவில்லை.

காதைத் தடவிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன். பவித்ராவின் தப்பு ஒரே மாதிரி வருகிறது. அப்படியென்றால் அதை அவள் எங்கேயோ பழகியிருக்கிறாள். எங்கே என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரரை எழுப்பி இதைச் சொன்னேன். "நாளைக்குச் சனிக்கிழமை. மீன் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் எனக்குச் சொன்ன உருப்படியான யோசனைகளில் அது ஒன்று. அவருக்கே அது தெரியாது.

பைக்குள் எட்டு

மார்க்கெட் வாசலில் மலர்க்கொடி தார்ப்பாயை விரித்துச் சங்கரா மீனைக் கூறு கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு கூறிலும் மூன்று நான்கு மீன். பக்கத்தில் பலகைமேல் பவித்ரா. பாவாடையை முழங்கால் வரை செருகிக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்றாள். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு கூறு குடுங்க" என்றேன்.

மலர்க்கொடி வேறொருவரோடு பேரத்தில் இருந்தார். தலையைத் திருப்பாமலே, "பாப்பா, டீச்சருக்கு நல்லதா போடு" என்றார்.

பவித்ரா நாலு மீன் கூறை அள்ளி என் வயர் பையில் போட்டாள். மூன்று மீன் கூறை அள்ளிப் போட்டாள். பிறகு, கொஞ்சமும் நிற்காமல், தார்ப்பாயின் ஓரத்தில் தனியாகக் கிடந்த குட்டி மீன் ஒன்றை எடுத்து அதையும் போட்டாள். பையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

கொசுறு.

நான் கேட்கவில்லை. அவள் அம்மா சொல்லவில்லை. மூச்சு விடுவதுபோல் அவள் கை அதைச் செய்தது.

"பவி, நாலும் மூணும் எத்தனை?"

"எட்டு டீச்சர்."

பைக்குள் எட்டுதான் இருந்தது.

மீன் தண்ணீர் புடவையில் சொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றேன். இந்தப் பிள்ளை பிறந்து தவழ்ந்ததே கூடைக்குப் பக்கத்தில். இரண்டு கூறு ஒன்று சேர்ந்தால் மேலே ஒரு மீன் விழாமல் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சேர்ப்பது என்றாலே அவளுக்கு அதுதான். அன்றைக்கு வகுப்பில் என் மடியிலிருந்த டப்பாவை அவள் ஏன் பார்த்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் இன்னும் கொசுறு போடவில்லை, போடப் போகிறேன் என்று காத்திருந்திருக்கிறாள். நானோ டப்பாவை மூடி எடுத்து வைத்துவிட்டேன். என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

மலர்க்கொடியிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி, பள்ளிக்கூடத்துல போயா கொசுறு போட்ட?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எம்பொண்ணு மக்கு இல்லயே டீச்சர்?"

"மக்கா? சரியாத்தாம்மா சொல்லியிருக்கு. நமக்குத்தான் புரியல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மலர்க்கொடி மகளின் கன்னத்தைப் பிடித்து, "இனிமே கொசுறு கிசுறுலாம் போடக் கூடாது, தெரியுதா? போட்டியோ, கைய ஒடச்சிடுவேன்" என்றார். பவித்ரா தலையை ஆட்டினாள்.

வம்பு

திங்கட்கிழமை பவித்ரா மூணும் ரெண்டும் அஞ்சு என்றாள். நாலும் மூணும் ஏழு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிஸ்வானையே கைதட்ட வைத்தேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. விடையைச் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மலர்க்கொடி வாசலில் நின்றார். கூடையை இறக்காமல் தலையில் வைத்துக்கொண்டே, "இன்னா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார். "ஸ்கூல் வுட்டு வந்து ஒக்காந்தா கொசுறே போட மாட்டேங்குது. வாடிக்கக்காரங்க சண்டைக்கு வராங்க. ஒரு ஆளு கைய நீட்டிக் கேக்குறாரு, 'தப்பு, டீச்சர் அடிப்பாங்க'ன்னு சொல்லுது. நான் போட்டாலும் பையில கைய வுட்டு எடுத்துடுது டீச்சர்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. வருத்தம்தான் அதிகம். ஐந்து வயதில் கேட்காமல் கொடுக்கிற கை அது. கணக்குக்காக அதை மூட வைப்பதா? மதாமிடம் பாஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, கேட்டால்கூடக் கொடுக்காத ஒருத்தியாக அவளை வளர்த்துவிட்டால், அந்தக் கூட்டல் யாருக்கு வேண்டும்? அதே சமயம், விட்டுவிட்டால் வாரக் கடைசியில் அவள் அக்கா பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான். இரண்டில் எதையும் விட எனக்கு மனசில்லை.

மறுநாள் கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"பவி, கொசுறு போடறது தப்பில்ல."

நம்பவில்லை. "அம்மா கைய ஒடச்சிடுவேன்னுச்சு."

"நான் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. ரெண்டு கூறையும் சேத்ததும் மொதல்ல எத்தனைன்னு வாயால சொல்லிடணும். சொல்லி முடிச்சதும் கணக்கு முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் கொசுறு போடு. அது கணக்குல வராது."

"கணக்குல வரலன்னா அது யாருது?"

"நீ குடுக்கறது. உன்னோடது."

மூன்று கொட்டையும் இரண்டு கொட்டையும் சேர்த்தாள். "அஞ்சு" என்றாள். என்னைப் பார்த்தாள். டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பின்னால் கட்டியிருந்த கை அன்றைக்குத்தான் முன்னால் வந்தது.

"எங்க அத்தாவும் துணி அளந்துட்டு நாலு விரல் கூட வுட்டுத்தான் வெட்டுவாரு" என்றான் ரிஸ்வான். அதன்பிறகு வகுப்பில் ஒவ்வொருத்தனும் விடையைச் சொல்லிவிட்டுக் கொசுறு போடக் கிளம்பினான். டப்பா காலியாகிவிட்டது. என் மடியெல்லாம் புளியங்கொட்டை.

ஏழு பென்சில்

வெள்ளிக்கிழமை மத்தியானம் மதாம் அறையில் நாங்கள் மூன்று பேர். மதாம் நாற்காலியில், பவித்ரா மேசைக்கு முன்னால், நான் சுவர் ஓரமாக. நீலப் பையை அவள் கழற்றவே இல்லை. மேசை அவள் கழுத்து உயரம்.

மதாம் தன் டப்பாவிலிருந்து புதுப் பென்சில் நாலை எடுத்து வரிசையாக வைத்தார். டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதோட இன்னும் மூணு வை."

வைத்தாள்.

"நாலும் மூணும் எத்தனை?"

வேண்டுமென்றே பென்சில்கள்மேல் கைக்குட்டையை விரித்து மூடினார். எண்ண முடியாது, கூட்டித்தான் சொல்ல வேண்டும். எத்தனை இன்ஸ்பெக்டர்களைப் பார்த்தவள் நான். எவர் முன்னாலும் இப்படிப் பயந்ததில்லை.

"ஏழு மதாம்."

மதாம் உதடு அசைந்தது. கைக்குட்டையை எடுத்தார். ஏழு. தலையை லேசாக ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. போதும் பவி, அப்படியே வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் வரவில்லை. முதுகிலிருந்த பையை முன்னால் இழுத்தாள். ஜிப்பைத் திறந்தாள். உள்ளே கைவிட்டு வெகுநேரம் துழாவினாள். விரல் நீளம்கூட இல்லாத பென்சில் ஒன்றை எடுத்தாள். பின்பக்கம் முழுக்கப் பல்தடம். அவளிடம் இருந்ததே அந்த ஒன்றுதான், எனக்குத் தெரியும். எட்டி, புதுப் பென்சில்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

மதாம் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

"இப்ப எத்தனை?"

"ஏழு மதாம்."

"செத்... உய்த்..." மதாம் விரலால் தொட்டு எண்ணினார். "எட்டு இருக்கே?"

"உங்க கணக்கு ஏழு மதாம். அது முடிஞ்சிடுச்சு." பவித்ரா குட்டைப் பென்சிலை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள். "இது நான் குடுத்தது."

வெளியே எல்கேஜியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். மதாம் அந்தப் பென்சிலை எடுத்துப் பல்தடத்தைப் பார்த்தார். மற்ற ஏழையும் டப்பாவில் போட்டு மூடினார். இதைப் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாம் வகுப்பு எந்த அறைன்னு தெரியுமா?"

"கூடம் மதாம்."

"ஜூன் மாசம் அங்க போய் உக்காரு."

பிறகு கொஞ்சம் குனிந்து, அவள் கண்ணுக்கு நேராக வந்து, யாருக்கும் சொல்லிக் கேட்காத அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மெர்சி."

பவித்ரா பையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். கதவுவரை போனவள், ஏதோ மறந்துவிட்டவளாகத் திரும்பினாள். மீன் வாங்கிக்கொண்டு பையோடு கிளம்புகிற ஒவ்வொருவரிடமும் அவள் அம்மா சொல்வதை அப்படியே சொன்னாள்.

"மறுபடியும் நம்மகிட்டயே வாங்க மதாம்."